சாம்பலில் பிறந்த சித்திரக்கதை
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சித்திரக்கதை என்றாலே சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணி ஒதுக்கிவிடுவோர் நம்மில் பலர். நானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன். இரண்டாம் உலகப் போர் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்த நாளில் எங்கள் விரிவுரையாளர் ஒரு நூலைக் கொடுத்து, "தேர்வுக்கு உதவாது; ஆனாலும் படி" என்றார். ஜப்பானிய மொழியில் 'ஹதாஷி நோ கென்' எனப்படும் பத்துப் பாகச் சித்திரக்கதையின் முதற்பாகம், ஆங்கில மொழிபெயர்ப்பில். 'வெறுங்கால் கென்' என்பது பொருள். விடுதி அறையில் ஒரே இரவில் படித்து முடித்தேன். அதனை வரைந்த கெய்ஜி நகாசாவாவைப் பற்றிப் பின்னர் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நகாசாவா 1939 மார்ச் 14ஆம் நாள் ஹிரோஷிமாவில் பிறந்தார். தந்தை ஓவியர், போருக்கு எதிரான கருத்துடையவர், அதற்காகக் காவலில் வைக்கப்பட்டவர். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அணுகுண்டு வீசப்பட்டபோது சிறுவன் கெய்ஜிக்கு வயது ஆறு. பள்ளி வாயிலில் ஒரு மாணவனின் தாயார் ஏதோ கேட்க, விடை சொல்வதற்காக நின்றான். பள்ளியின் கற்காரைச் சுவர் அவனை வெப்பத்திலிருந்து மறைத்தது. கேள்வி கேட்ட அந்த அம்மையார் சுவரின் மறைவில் இல்லை. அவர் கருகிப் போனார்.

வீட்டில் தந்தையும், அக்காளும், தம்பியும் இடிபாட்டுக்குள் சிக்கி மாண்டனர். நிறைமாதக் கர்ப்பிணியான தாய் தீ நெருங்கும்வரை அவர்களை மீட்கப் போராடினார்; அண்டை வீட்டார் ஒருவர்தாம் அவரை இழுத்துச் சென்று காப்பாற்றினார். அன்றே தெருவில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையும் நெடுநாள் வாழவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தந்தையும் தம்பியும் மாண்ட காட்சியை நகாசாவா நேரில் காணவில்லை. தாய் சொல்லக் கேட்டதுதான். ஆனால் கதையில் வரும் கென் தாயின் அருகிலேயே நிற்கிறான். உத்திரத்தைத் தூக்க முயன்று தோற்கிறான். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தான் இல்லாத இடத்தில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்திய மகன் என்றே அவரை எண்ணத் தோன்றுகிறது.

போருக்குப் பின் வறுமை. நடுநிலைப் பள்ளிப் படிப்போடு நின்று, விளம்பரப் பலகை எழுதுபவரிடம் தொழில் பழகினார். சிறுவயதில் ஒசாமு தெசுகாவின் 'புதிய புதையல் தீவு' ஏற்படுத்திய ஆசை மட்டும் மங்கவில்லை. 1961இல் தோக்கியோ சென்று சித்திரக்கதை ஓவியரானார். அங்கே அணுகுண்டால் பாதிக்கப்பட்டவர் என்றால் தொற்றுநோயாளியைப் போல ஒதுங்குவோர் இருந்தனர். ஆகவே அவர் வாயைத் திறக்கவில்லை. ஹிரோஷிமாவை மறந்துவிட்டு விளையாட்டு, வீரசாகசக் கதைகளையே வரைந்துவந்தார்.

1966இல் தாய் இறந்தார். எரியூட்டியபின் உறவினர் எலும்பு பொறுக்குவது ஜப்பானியர் வழக்கம், நம்மிடையேயும் உள்ளதுதான். ஆனால் அந்தத் தாயின் உடலில் பொறுக்குவதற்கு எலும்பே எஞ்சவில்லை. வெண்சாம்பல் மட்டுமே கிடந்தது. கதிரியக்கம் என் தாயின் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று அவர் கொதித்தார். மருத்துவம் இதற்கு என்ன விளக்கம் தரும் என்பது வேறு விஷயம். அந்தச் சாம்பலைக் கண்ட பின்னரே, இருபத்தோராண்டு மௌனம் கலைந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

முதலில் வரைந்த 'கருமழையில் நனைந்து' என்னும் கதையைப் பெரிய பதிப்பகங்கள் ஏற்கவில்லை. 1968இல்தான் ஓர் இதழில் வெளிவந்தது. 1972இல் 'நான் கண்டேன்' என்னும் தன்வரலாற்றுச் சித்திரம். 1973இல் 'ஷோனென் ஜம்ப்' என்னும் சிறுவர் வார இதழில் 'வெறுங்கால் கென்' தொடங்கியது. மறு ஆண்டு அங்கே நின்றுபோயிற்று. பின்னர் வேறு இதழ்களில், ஆசிரியர் சங்கத்தின் இதழிலும்கூட, தொடர்ந்து 1987இல் நிறைவுற்றது. 1976இல் தோக்கியோவில் தன்னார்வலர் சிலர் குழுவாகக் கூடி அதனை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினர். 1983இல் அது உயிரோவியத் திரைப்படமாகவும் வந்தது.

கதையில் கோதுமை திரும்பத் திரும்ப வருகிறது. ஜப்பானிய உழவர்கள் குளிர்காலத்தில் இளம் கோதுமைப் பயிரைக் காலால் மிதித்துவிடுவார்கள். மிதிபட்ட பயிர் வேரூன்றி நிமிரும். அப்படி இருங்கள் என்பார் கென்னின் தந்தை. நான் எதிர்பார்த்தது அமெரிக்காவைத் திட்டும் நூல் ஒன்றை. இதிலோ பேரரசரும் இராணுவத் தலைவர்களும் தப்பவில்லை. போரை எதிர்த்த குடும்பத்தைத் துரோகி என்று தூற்றிய அக்கம்பக்கத்தாரும், கொரிய மக்களை இழிவாக நடத்தியவர்களும் தப்பவில்லை. ஓவியத்தில் குறை இல்லாமல் இல்லை. உருண்டை முகங்களும், ஓயாத குத்துச்சண்டையும், உரக்கக் கத்தும் பேச்சும் சில இடங்களில் சலிப்பூட்டின. ஆயினும், தோல் உரிந்து தொங்க மக்கள் நடந்துவரும் பக்கத்தில் அந்த எளிய கோடுகளே நம்மைக் கண்ணை மூடவிடாமல் செய்கின்றன. வாசகர் அஞ்சியதால் கொடுமையைக் குறைத்தே வரைந்ததாக நகாசாவா கூறியிருக்கிறார்.

கண்பார்வை குன்றியதால் 2009இல் வரைவதை நிறுத்தினார். 2012 டிசம்பர் 19ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் காலமானார், வயது 73. அதே டிசம்பரில் மாட்சுவே நகரக் கல்வித்துறை, கொடூரக் காட்சிகள் உள்ளன என்று காரணம் காட்டி, பள்ளி நூலகங்களில் மாணவர் கைக்கு எட்டாதபடி இந்நூலை உள்ளே வைக்கப் பணித்தது. எதிர்ப்பு எழவே, 2013 ஆகஸ்டில் அவ்வாணை விலக்கப்பட்டது. 2023இலோ ஹிரோஷிமா நகரமே தன் பள்ளிகளின் அமைதிப் பாடநூலிலிருந்து இக்கதைப் பகுதியை நீக்கிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, ஏழாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி பையிலிருந்த நூலைப் பார்த்து, "படக்கதையா அண்ணா?" என்று கை நீட்டினான். சட்டென்று பிடுங்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எடுத்து அவனிடம் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து மதியம்வரை படித்தான். பிறகு என்னிடம் வந்து, "அந்தப் பாப்பா பிழைக்குமா அண்ணா?" என்று கேட்டான்.