கொடுவாக் குஞ்சு வாங்குவோர் கவனத்திற்கு

மயிலாப்பூரை அடுத்த ராஜா அண்ணாமலைபுரத்தில், 1987-ல் நிறுவப்பெற்ற மத்திய சர்க்காரின் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. கழிமுகங்களில் அகப்படும் குஞ்சுகளையே நம்பியிருந்த கொடுவா வளர்ப்புக்கு, 1997-ல் இந்நிலையத்தார் தாய்மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து வழிகாட்டினர். ஆயினும் கொடுவா தன் இனத்தையே தின்னும். பெருங்குஞ்சும் சிறுகுஞ்சும் ஒருங்கிருப்பின் பெரியது சிறியதை விழுங்கிவிடும். இதனையறியாது, மலிவு கருதிக் கலப்புக் குஞ்சுகளை வாங்கிக் குளத்தில் விட்டு, பின்னர்த் தொகை குறையக் கண்டு காவற்காரன் மீது ஐயுறும் அங்கத்தினரும் உளர். பாவம், அவன் என் செய்வான்! ஆதலின் ஒரே அளவாய்ப் பிரித்த குஞ்சுகளையே சங்கத்தார் வாங்குதல் வேண்டும். அவற்றையும் உடனே குளத்தில் விடாது, வலைக்கூண்டில் வைத்துச் சில நாட்களுக்கொருமுறை அளவு பிரித்து, விரல் நீளம் வளர்ந்த பின்னரே இறக்கவேண்டும். பிரிப்புக் கூலியையும் கடன் மனுவில் முன்னரே சேர்த்துக் காட்டுக.