நூறு புளியங்கொட்டை ஆடுகள்

என் ஆறு வயது மகன் குடும்ப ஜெபத்தில் ஐந்து நிமிடம்கூட உட்காருவதில்லை. அதட்டினால் அழுகிறான். என்ன செய்வது?
- ஒரு தாய், பாளையங்கோட்டை

அதட்ட வேண்டாம், சகோதரி. அவன் கைக்கு வேலை கொடுங்கள். நூறு புளியங்கொட்டைகளை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். அவைதான் லூக்கா 15-ஆம் அதிகாரத்தில், காணாமற்போன ஆட்டின் கதையில் வரும் ஆடுகள். அவன் கண்ணை மூடியதும் ஒன்றைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு, மேய்ப்பனாகத் தேடச் சொல்லுங்கள். கிடைத்ததும் துள்ளுவான் பாருங்கள், அந்தச் சந்தோஷம்தான் கதையே! உடனே அர்த்தம் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். "தனியாக இருந்தபோது அந்த ஆடு என்ன நினைத்திருக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அமெரிக்கப் போதகர் ஜெரோம் பெரிமன் மாண்டிசோரி வழியில் உருவாக்கிய 'காட்லி ப்ளே' என்ற, சிறுவர்களுக்கு வேதக் கதை சொல்லும் முறைக்கு இப்படி வியந்து கேட்பதுதான் உயிர். அன்றைய ஜெபத்தை அவனே ஒரு வரியில் சொல்லட்டும். கொட்டைகளை டப்பாவில் பத்திரமாக வையுங்கள், நாளைக்கும் கேட்பான்.