மூலிகையும் மறவாமையும்
(ஐந்தாம் சீலம் பற்றிய ஒரு பாடம்)

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கெல்லையில் ஏலத்தோட்டமொன்றில் பணிபுரியும் அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் விடுத்துள்ளார். அவர் பஞ்சசீலம் ஏற்ற உபாசகர். அவருடைய தம்பி சில திங்களாக இரவில் ஏதோ ஒரு மூலிகைப் பொடியைப் பாலிற் கலந்து பருகி வருகிறான். அதனோடு கஞ்சாவும் புகைக்கிறான். கேட்டால், “இது சாராயமன்று, மலையில் விளையும் இலை. முனிவர்கள் கொண்டது. மனம் அடங்குகிறது, தியானம் எளிதில் கைகூடுகிறது. நடுவில் பத்து நாள் நிறுத்தியபோது கண்ட கனவுகள், அகக்கண் திறந்துவிட்டது என்பதற்குச் சான்று” என்கிறானாம். அன்பர் வினவுவன இரண்டு: மூலிகை கொள்வது சீலத்திற்கு மாறாகுமா? தம்பியிடம் தாம் எங்ஙனம் நடந்துகொள்வது?

இவ்வினாக்கள் அவர் ஒருவர்க்கே உரியன அல்ல. ஆகவே இவ்விதழின் பாடமாக இவற்றையே எடுத்துக்கொள்வோம்.

1. எல்லைமலையும் அதன் செடிகளும்

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடபால் அட்டப்பாடி. தென்பால் ஆனைமலையைக் கடந்து மறையூர், சின்னாறு, தேவிகுளம், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. இவ்வெல்லை நெடுகிலும் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. அட்டப்பாடியில் இருளரும் முதுகரும் குறும்பரும், இடுக்கி மலையில் முதுவரும் பிறரும் தலைமுறை தலைமுறையாக மூலிகை அறிந்தவர்கள். காய்ச்சலுக்கும் கடிக்கும் அடிபட்ட புண்ணுக்கும் அவர்கள் தேடும் பச்சிலைகள் பல. அவ்வறிவு நம் மரியாதைக்கு உரியது.

ஆயினும் இம்மலைகளுக்கு வேறொரு பெயரும் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்பட்டது. காட்டின் உட்பகுதிகளிற் கஞ்சா பயிரிடப்பட்டது. ‘இடுக்கி கோல்டு’ என்னும் பெயர் தொலைநாடுகளிலும் வழங்கலாயிற்று. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டத்திற்குப் பின் அரசினர் மீண்டும் மீண்டும் காடேறி அப்பயிரை அழித்தனர். அத்தொழிலிற் பொருள் ஈட்டியவர்கள் பெரும்பாலும் நகரத்து வணிகர்கள். சிறை புகுந்தவர்களோ பெரும்பாலும் பயிரிட்ட, சுமந்து சென்ற ஏழைகள். ஒரு செடியை நல்லதென்றும் தீயதென்றும் பேசுவதற்கு முன் இதனையும் நினைத்தல் வேண்டும்.

மயக்கந் தருவது கஞ்சா ஒன்றே அன்று. வேலியோரத்து ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபோலமைன் என்னும் நஞ்சுகள் உள்ளன. அதனை உண்டவன் காணும் தோற்றங்கள் தெளிவின் பயன் அல்ல. சித்தப் பிரமையின் பயன். கண்மணி விரியும், நா வறளும், உடல் கொதிக்கும், உயிரும் போகும். இடுக்கியிற் செழித்து விளையும் சாதிக்காயை நம் தாய்மார் உறக்கத்திற்காகப் பாலில் ஒரு சிறிதே இழைத்துக் கொடுப்பர். அதனையே மிகுதியாக உண்டால் வாந்தியும் படபடப்பும் பொய்த்தோற்றமும் உண்டாகும். சர்ப்பகந்தியின் வேர் பழைய மருந்து. 1952-இல் அதிலிருந்து ரெசெர்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டு, குருதி அழுத்தத்திற்கு உலகெங்கும் வழங்கப்பட்டது. அதுவே சிலர்க்கு ஆழ்ந்த மனச்சோர்வையும் கொடுங்கனவையும் தந்தது. ஆகவே ‘மூலிகைதானே’ என்னும் சொல் எதற்கும் காப்பாகாது. எட்டியும் மூலிகையே.

2. சீலத்தின் சொற்பொருள்

ஐந்தாம் சீலத்தில் நான்கு சொற்கள் கருதத்தக்கன. ‘சுரா’ என்பது மாவும் சோறும் முதலியவற்றைப் புளிக்கவைத்து ஆக்கிய மது. ‘மேரயம்’ என்பது பூ, பழம், தேன், வெல்லம் முதலியவற்றால் ஆகிய மது. ‘மஜ்ஜம்’ என்பது மயக்குவது. ‘பமாதட்டானம்’ என்பது பமாதத்திற்கு இடமாவது.

முதலிரண்டு சொற்களை மட்டும் பற்றிக்கொண்டு, “இலையைப் பற்றிச் சொல்லவில்லையே” என்பார் உளர். அவர்கள் நான்காம் சொல்லை மறந்தனர். மது விலக்கப்பட்டது அது திரவமாயிருத்தலால் அன்று, பமாதத்திற்கு வாயிலாயிருத்தலால். பமாதம் என்பதற்குத் தமிழில் அழகிய சொல் ஒன்று உண்டு: பொச்சாப்பு. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, பொச்சாவாமைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இவ்விரண்டையும் ஒரே தொடரில் இணைத்துக் காட்டுவது ஐந்தாம் சீலம்.

மணிமேகலையில் வரும் சாதுவன் கதை நம் வாசகர் அறிந்ததே. கலம் உடைந்து நாகர் மலையிற் கரையேறிய அவனுக்கு நாகர் தலைவன் பெண்ணும் கள்ளும் ஊனும் தர முன்வந்தான். சாதுவன் மறுத்தான். “இவையில்லையேல் உலகில் வேறு என்ன பயன்?” என்று தலைவன் வியந்தான். சாதுவன் அவனை இகழவில்லை. அவன் மொழியிலேயே பேசி, மயக்குவதையும் கொலையையும் தெளிந்தோர் நீக்கிய காரணத்தை விளக்கினான். மலைவாழ்நரிடம் அறம் பேசுவோர் கற்கவேண்டிய முறையும் அங்கே இருக்கின்றது.

3. சாகத தேரரின் வீழ்ச்சி

பிக்குகளுக்கு மது விலக்கப்பட்ட வரலாற்றை விநயபிடகம் கூறுகின்றது. சாகதர் என்னும் தேரர் தேஜோ தாதுவில் வல்லவர். அம்பதித்தத்தில் இருந்த கொடிய நாகத்தைத் தம் ஆற்றலால் அடக்கியவர். அவர் புகழ் கேட்ட கோசாம்பி நகரத்தார் வீடுதோறும் அவர்க்கு மது வைத்தளித்தனர். அன்பால் அளித்ததை மறுக்காது பருகிய அவர் நகர வாயிலில் வீழ்ந்தார். பகவான் அவரைத் தூக்கி வரச் செய்து, தலை தம் பக்கம் இருக்கக் கிடத்துவித்தார். அவரோ புரண்டு, ததாகதர் பக்கம் காலை நீட்டி உறங்கினார். அப்பொழுது பகவான் பிக்குகளை நோக்கி, நாகத்தை அடக்கிய இவரால் இப்பொழுது ஒரு நீர்ப்பாம்பையேனும் அடக்க இயலுமா என்று வினவினார். இயலாது என்றனர் பிக்குகள்.

இக்கதையிற் சாகதர் தீயவர் அல்லர். மது கொடுத்தோரும் பகைவர் அல்லர். பயின்று பெற்ற ஆற்றல் முழுவதும் ஒரு பொழுதிற் கைவிட்டுப் போயிற்று என்பதே பாடம். இருத்தி பெற்றவர்க்கே இந்நிலையெனில், தியானத்தில் முதலடி வைக்கும் இளைஞனுக்கு என் சொல்வது!

“மயக்கத்தில் மனம் அடங்குகிறதே” என்பது தம்பியின் வாதம். அடங்குதல் வேறு, அமிழ்தல் வேறு. தியானத்தின் ஐந்து தடைகளில் தீனமித்தம் எனப்படும் சோம்பலும் துயிலும் ஒன்று. உத்தச்சம் எனப்படும் கலக்கமும் ஒன்று. மயக்க மூலிகைகள் மனத்தை இவ்விரண்டில் ஒன்றிலோ, மாறி மாறி இரண்டிலுமோ ஆழ்த்துவன. சமாதியோ இதற்கு மறுதலை. நான்காம் தியானத்தின் இலக்கணமே உபேக்கையால் தூய்மையுற்ற சதி, அதாவது நினைவுடைமை. எந்நிலை நினைவைப் பறிக்கின்றதோ, அது எத்துணை இனிதாயினும் தியானம் ஆகாது.

4. மருந்தாகுங்கால்

அங்ஙனமாயின் பௌத்தம் மூலிகைக்குப் பகையா? இல்லை. மகாவக்கத்தின் ஆறாம் பகுதி முழுவதும் மருந்தைப் பற்றியதே. மஞ்சள், இஞ்சி, வசம்பு, அதிவிடயம், கடுகுரோகிணி, வெட்டிவேர், கோரைக்கிழங்கு ஆகிய வேர்களையும், திப்பிலி, மிளகு, கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய காய்களையும் பகவான் நோயுற்ற பிக்குகளுக்கு அனுமதித்தார். இவற்றிற் பெரும்பாலன நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் நாட்டுமருந்துக் கடையிலும் இருப்பவை.

அதே பகுதியில் இரண்டு நுட்பமான விதிகள் உள்ளன. மருந்தெண்ணெயில் மது கலக்கலாம். ஆனால் மதுவின் நிறமும் மணமும் சுவையும் அதில் தோன்றலாகாது. அவ்வளவு சிறிய அளவே மருந்து. மற்றொன்று, பிலிந்தவச்சர் என்னும் தேரர் உறுப்புகளில் வாதத்தால் வருந்தியபோது வியர்வைச் சிகிச்சைகளோடு அனுமதிக்கப்பட்ட ‘பங்கோதகம்’. இச்சொல்லிலுள்ள ‘பங்கம்’ கஞ்சாவே என்று கொள்வாரும் உளர். பலவகை இலைத்துண்டுகளை இட்டுக் காய்ச்சிய நீர் என்று உரையாசிரியர் கூறுவர். எப்பொருள் கொள்ளினும், அது வலி நீங்கும் பொருட்டு உடலின் புறத்தே பயன்பட்ட நீரேயன்றி மயங்கும் பொருட்டு உட்கொண்டது அன்று.

இவற்றால் நாம் பெறும் அளவுகோல் மூன்று. நோய் உண்மையாக உளதா? அறிந்த மருத்துவர் அளவறிந்து கொடுத்தாரா? கொண்டபின் நினைவு தெளிகிறதா, மங்குகிறதா? இம்மூன்றிற்கும் நேர்மையாக விடை கூறுவோன் சீலத்தில் வழுவான். வல்லாரை, நீர்ப்பிரமி போன்றவற்றை வைத்தியர் சொற்படி கொள்வோர் இவ்வளவுகோலுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. பெயரறியாப் பொடியை வழிப்போக்கனிடம் வாங்கிப் பருகுவோன் முதல் வினாவிலேயே தடுமாறுவான்.

தென்னாட்டில் பௌத்தத்தை மீண்டும் தழைக்கச் செய்த அயோத்திதாச பண்டிதர் (1845–1914) தாமே சித்த மருத்துவர். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்டவரும், 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவரும் அவரே. அறம் பேசிய அவரே மருந்தும் கொடுத்தார். மூலிகையறிவும் சீலமும் ஒரு வாழ்வில் முரணின்றி நிற்கும் என்பதற்கு இது சான்று.

5. கனவின் இயல்பு

மிலிந்தனுக்கு நாகசேனர் கனவு காண்போரை அறுவகையாகப் பிரித்துக் காட்டினார்: வாதத்தால் காண்போர், பித்தத்தால் காண்போர், ஐயால் காண்போர், தேவர் தூண்டக் காண்போர், தம் பழக்கத்தால் காண்போர், வருவதன் குறியாகக் காண்போர். உடலின் கலக்கமே கனவுக்கு முதற்காரணங்களாக எண்ணப்பட்டமை காண்க. தெளிவான கனவெல்லாம் தெளிவான ஞானம் ஆகாது.

இக்கால மருத்துவ ஆராய்ச்சி இதற்கு ஒரு விளக்கமும் தருகின்றது. உறக்கத்தில் கண்மணிகள் விரைந்து அசையும் பகுதி ஒன்று உண்டு. மிகத் தெளிவான கனவுகள் அப்பகுதியிலே தோன்றுகின்றன. கஞ்சாவை நாள்தோறும் கொள்வோர்க்கு இப்பகுதி குறைகின்றது. அதனாற் கனவும் குறைகின்றது. நிறுத்திய சில நாட்களில், இழந்ததை மீட்பதுபோல் அது மிகுந்தெழுகின்றது. கனவுகள் வண்ணமும் வேகமும் கொண்டு வருகின்றன. உறக்கம் இடையிடையே அறுகின்றது. சில வாரங்களில் இது தணிகின்றது. ஆகவே தம்பி பத்து நாள் நிறுத்தியபோது கண்டவை அகக்கண் திறந்ததன் அடையாளம் அல்ல; உடல் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயன்றதன் அடையாளம். அதனைச் சித்தியென்று கொண்டு மீண்டும் புகைக்கத் தொடங்கியது, பாதிவழி வந்த நலத்தைத் திருப்பி அனுப்பியதாயிற்று.

6. இனிய உறக்கம்

ஆளவி நாட்டில், சிம்சபா வனத்தில், மாடுகள் மிதித்துக் கரடான நிலத்தின் மேல் இலைகளைப் பரப்பிப் பகவான் தங்கியிருந்தார். பனி பொழியும் குளிர்காலம். அவ்வழியே வந்த ஹத்தகன் என்பான், நன்கு உறங்கினீரோ என்று கேட்டான். உறங்கினேன் என்றும், உலகில் நன்கு உறங்குவோருள் தாமும் ஒருவர் என்றும் பகவான் விடையிறுத்தார். காற்றுப் புகாத மாளிகையில் மெல்லணையிற் படுத்தவனும் ஆசையாலும் சினத்தாலும் மயக்கத்தாலும் வெந்து உறக்கமின்றித் தவிப்பான் அல்லவா என்று விளக்கினார். அவ்வெப்பத்தை வேரறுத்தவர்க்கு இலைப்படுக்கையே போதும்.

இலையை உண்டு உறங்குவதற்கும் இலைமேற் படுத்து உறங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை வாசகர் தாமே உணர்க.

மைத்திரி பாவனையின் பதினொரு பயன்களில் முதல் மூன்றும் உறக்கத்தைப் பற்றியவை: இனிது உறங்குவான், இனிது விழிப்பான், தீக்கனவு காணான். நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்க்கு எளிய முறை இது. பொழுது சாய்ந்தபின் கடுந்தேநீரை நீக்குக. படுக்குமுன் கைகால் கழுவி, வலித்த உறுப்புகளுக்கு எண்ணெய் தடவுக. பின் மூச்சு வருவதையும் போவதையும் சிறிது நேரம் நோக்குக. முதலில் தனக்கும், பின் வீட்டார்க்கும், பின் அன்று தன்னோடு சினந்தவர்க்கும், முடிவில் எல்லா உயிர்க்கும் நலம் நினைக. எப்பொழுது எழவேண்டும் என்பதை நினைந்தே கண்மூடுக. காட்சிகள் தோன்றினால் அவற்றைத் தேடவும் வேண்டா, விரட்டவும் வேண்டா.

7. தம்பியின் பொருட்டு

அன்பரின் இரண்டாம் வினாவிற்கு வருவோம். தம்பியைக் கள்வன்போற் கருதி ஊரறியத் தூற்றாதீர். அவன் தேடியது உறக்கமும் அமைதியும். தேடியது தவறன்று, தேடிய இடமே தவறு. நிறுத்தும்போது உறக்கம் கெடும், கனவு மிகும், சினம் எழும் என்பதை முன்னரே அவனுக்குச் சொல்லுங்கள். அவ்விரவுகளில் அவனருகே இருங்கள். இளம் வயதில் மிகுதியாகக் கஞ்சா கொள்வோர்க்குச் சித்தக் கலக்கம் நேரும் அபாயம் கூடுதல். ஆகவே ஐயம், அச்சம், தனக்குள் குரல் கேட்டல் முதலியன தோன்றின் தாமதியாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. கேரளக் கலால் துறையினர் ‘விமுக்தி’ என்னும் திட்டத்தின்கீழ் போதை மீட்பு நிலையங்களை நடத்துகின்றனர். அங்குச் செல்வதில் இழிவு ஒன்றுமில்லை. அவன் பருகும் பொடியையும் மருத்துவரிடம் காட்டுக. ஊமத்தை கலந்திருப்பின் நாளை என்னாம் என்று யார் அறிவார்?

அட்டப்பாடியில் பழங்குடித் தாய்மார் தாய்க்குலச் சங்கம் என்று கூடிச் சாராயத்தை எதிர்த்து நின்றனர். தம் மக்களை வெறுத்து அவர்கள் நின்றாரல்லர். மக்களை இழக்க ஒருப்படாமையால் நின்றனர். உமது நிலையும் அதுவே ஆகுக.

சீலம் என்பது பிறனை அளக்கும் கோல் அன்று. தன்னைக் காக்கும் வேலி. அவ்வேலிக்குள் தம்பிக்கும் இடமுண்டு. அவன் திரும்பி வரும் நாளில் வாயிற்கதவு திறந்திருக்கட்டும்.

வாசகர் சிந்தனைக்கு

1. ஐந்தாம் சீலத்தில் ‘பமாதட்டானம்’ என்னும் சொல் இல்லையாயின் அதன் பொருள் எங்ஙனம் குறுகும்?
2. மருந்துக்கும் மயக்கத்திற்கும் இடையே நாம் கூறிய அளவுகோல் மூன்றையும் உம் வீட்டு வழக்கங்களோடு பொருத்திப் பார்க்க.
3. சாகதர்க்கு மது அளித்த நகரத்தாரின் அன்பு எவ்விடத்திற் பிழைத்தது?

எல்லா உயிர்களும் நலமுறுக, இனிது உறங்குக, இனிது விழிக்க.