தரமாட்டோம் என்றார்கள், தாமே செய்தார்கள்!



போர் விமானத்தைக் காசு கொடுத்து வாங்குவது சுலபம். ஆனால் விற்கிற நாடு அதைச் செய்யும் வித்தையையும் சேர்த்துத் தருமா? தராது. இதைத் தென்கொரியா பட்டுத் தெரிந்துகொண்டது.

சொந்தப் போர் விமானம் செய்வோம் என்று அந்நாட்டு அதிபர் கிம் டே ஜுங் 2001-ல் அறிவித்தார். எடுத்த எடுப்பிலேயே பெரிய விமானம் செய்துவிடவில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் உதவியோடு டி-50 என்ற பயிற்சி விமானத்தைச் செய்து கை பழகினார்கள். அது 2002-ல் பறந்தது. அதையே போருக்கு ஏற்றபடி மாற்றியதுதான் எஃப்.ஏ-50. 2022-ல் போலந்து நாடு 48 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது.

அடுத்தது கே.எஃப்-21. செல்லப்பெயர் 'பொராமே', அதாவது வேட்டைக்குப் பழக்கிய இளம் வல்லூறு. இதற்குத் தேவையான நான்கு முக்கியத் தொழில்நுட்பங்களைத் தர முடியாது என்று 2015-ல் அமெரிக்கா கையை விரித்துவிட்டது. அதில் ஒன்று ரேடார்.

பழைய ரேடார் நம்ம டேபிள் ஃபேன் மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். புதிய ரேடார் அசையாது. ஏறக்குறைய ஆயிரம் சின்னச் சின்னக் கருவிகள் சேர்ந்து அலைகளை அனுப்பி, நொடியில் திசை மாற்றிப் பார்க்கும். இதைக் கொரிய விஞ்ஞானிகள் தாங்களே உருவாக்கினார்கள். விமானம் 2022 ஜூலை 19 அன்று முதன்முதலில் பறந்தது. 2023 ஜனவரியில் ஒலியின் வேகத்தையும் தாண்டியது!

சரி, எதற்காக வெளிநாட்டுக்கும் விற்க வேண்டும்? கல்யாணப் பத்திரிகைக்கு அச்சுக் கோப்பதை நினைத்துப் பாருங்கள். பத்து அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் கோக்கிற செலவு ஒன்றுதான். அதிகமாக அடித்தால் ஒன்றின் விலை குறையும். விமானமும் அப்படித்தான்.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. இதன் இரண்டு இன்ஜின்களும் அமெரிக்க நிறுவனம் வடிவமைத்தவை. கொரியாவிலேயே பூட்டினாலும், வேறு நாட்டுக்கு விற்க அமெரிக்காவின் அனுமதி வேண்டும். அப்படியென்றால் இது முழுசா சொந்த விமானமா? இன்னும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கணக்கு நோட்டைத் தரமாட்டேன் என்று தோழி சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அன்றைக்கு நாமே போட்டுப் பார்த்த கணக்குதான் பரீட்சையில் மறக்காமல் வருகிறது. கொரியாக்காரர்கள் ரேடார் கணக்கைப் போட்டுவிட்டார்கள். இன்ஜின் கணக்கு பாக்கி இருக்கிறது.

நமக்கு எந்தக் கணக்கு பாக்கி? யோசியுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி