தம்பிரான் தோழரும் மகிழடிச் சூளுறவும்

நட்பு என்பது மனித வாழ்வுக்கு இறைவன் அளித்த பெரும் பேறுகளுள் ஒன்று. பள்ளிக்கூட வாங்கிலும், வாசிகசாலைத் திண்ணையிலும், திருவிழாக் காலத்துத் தண்ணீர்ப்பந்தலிலும் தொடங்கிய நட்பு பலருக்கு ஆயுள் முழுவதும் நீடிக்கின்றது. ஆயினும் ஒரு புதிய துணை வந்து சேர்ந்ததும் ஒரு சங்கடம் தோன்றுவதுண்டு. நண்பர்களோடு நின்றால் வீட்டில் முகம் வாடுகின்றது. வீட்டோடு இருந்தால், கலியாணம் முடித்ததும் ஆள் மாறிவிட்டார் என்று நண்பர்கள் சொல்கின்றனர். இடையில் அகப்பட்டவர் இரு பக்கத்தாரையும் சமாளிப்பதற்காக அங்கே ஒரு சொல்லும் இங்கே ஒரு சொல்லும் சொல்லத் தொடங்குகின்றார். துன்பம் முளைப்பது அந்த இடத்திலேதான்.

இச்சங்கடம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சுவாமிகள் அருளிய பெரியபுராணத்தின் நாயகராகிய சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றிலேயே இது வருகின்றது. அந்நூலை யாவரும் படித்து உணரும்பொருட்டு 1852ஆம் ஆண்டில் வசனநடையில் அச்சேற்றியவர் நல்லை நகர் ஆறுமுக நாவலர். எமது ஆலயங்களின் புராணபடனத்திலே ஒருவர் பாடலைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்லுவர். இவ்வரலாற்றின் பயன் யாது என்பதே இங்கு சிந்திக்கத்தக்கது.

ஓலையால் ஆளானவர்

சுந்தரரின் அடியார் வாழ்வு ஓர் ஓலையிலிருந்தே தொடங்குகின்றது. புத்தூரிலே அவருடைய திருமணப் பந்தருக்குள் கிழவேதியராக வந்த இறைவர், இவர் தமக்கு வழிவழி அடிமை என்று வழக்கிட்டார். சுந்தரர் அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலை, மூல ஓலை தம்மிடம் உண்டு என்றார் வேதியர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் பாட்டனாரின் கையெழுத்தை ஒப்புநோக்கி, ஓலை மெய்யானது எனத் தீர்ப்பளித்தனர். பாட்டனார் எழுதிக் கொடுத்த வாக்குப் பேரனைக் கட்டியது. எழுதிய வாக்கிலிருந்து தப்ப இயலாது என்பதைத் தம் வாழ்வின் தொடக்கத்திலேயே கண்டவர் சுந்தரர். பின்னர் நிகழ்வதை விளங்கிக்கொள்ள இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஆரூரில் கிடைத்த தோழமை

அடிமையாகக் கொண்ட அதே இறைவர், திருவாரூரிலே தம்மைத் தோழராகத் தந்தருளினார். அன்றுமுதல் சுந்தரர் தம்பிரான் தோழர் எனப் பெயர் பெற்றார். அவ்வூரிலேயே பரவையார் அவருக்கு வாழ்க்கைத் துணையானார். தோழமையும் வெறும் பெயரளவில் நிற்கவில்லை. குண்டையூரில் மலைபோற் குவிந்த நெல் பரவையார் மாளிகைக்கு வந்து சேர்ந்தது. திருமுதுகுன்றத்திலே மணிமுத்தாற்றில் இட்ட 12,000 பொன் ஆரூர்க் கமலாலயத்திலே கிடைத்தது. கேட்டபோதெல்லாம் கொடுத்த தோழர் அவர். பழைய உறவுகள் யாவும் சுந்தரருக்கு ஆரூரிலேயே இருந்தன.

ஒற்றியூரில் வந்த புதிய துணை

தொண்டைநாட்டுத் தலங்களை வழிபடச் சென்ற சுந்தரர் திருவொற்றியூரை அடைந்தார். இன்று அது சென்னை மாநகரின் வடபாகத்தில் இருக்கின்றது. ஞாயிறு என்னும் ஊரிலே பிறந்த சங்கிலியார் அங்கே கன்னிமாடத்தில் இருந்து, இறைவருக்குப் பூமாலை தொடுக்கும் திருத்தொண்டு செய்துவந்தார். அவரைக் கண்ட சுந்தரர், தமக்கு அவரைத் தந்தருளும்படி தம் தோழரிடமே வேண்டினார்.

இறைவர் சங்கிலியாரின் கனவிலே தோன்றி இதனைக் கூறினார். சங்கிலியார் மறுக்கவில்லை. ஆனால் நியாயமான ஒரு கேள்வியை விண்ணப்பித்தார்: அவர் ஆரூரிலே பரவையாரோடு மகிழ்ந்து வாழ்பவரல்லவா? உன்னைப் பிரியேன் என்று அவர் சூளுறவு செய்து தருவார் என இறைவர் அருளினார்.

இதனை இறைவர் வந்து சொன்னபோது சுந்தரர் தடுமாறினார். பல தலங்களுக்கும் சென்று பாடவேண்டியவர் ஓரிடத்தில் நிற்பது எவ்வாறு? ஆரூரை மறப்பது எவ்வாறு? அப்பொழுது அவர் ஒரு வழி கண்டார். சந்நிதியிலே சூளுறவு செய்ய வரும்போது, இறைவர் அங்கிருந்து நீங்கி மகிழமரத்தின்கீழ் இருத்தல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இறைவரும் இசைந்தார். ஆனால் சங்கிலியாரின் கனவிலே மீண்டும் தோன்றி, சூளுறவை மகிழின்கீழே கேட்கும்படி உணர்த்திவிட்டார்.

மறுநாள் சந்நிதிக்கு வந்தவரிடம் தோழிமார், இங்கு வேண்டா, மகிழின்கீழே அமையும் என்றனர். சுந்தரர் திகைத்தார். மறுக்க வழியில்லை. மரத்தை மும்முறை வலம்வந்து, பிரியேன் என்று சூளுரைத்தார். திருமணம் நிறைவேறியது. திருவொற்றியூரின் மாசிப் பெருவிழாவில் இந்நிகழ்ச்சி மகிழடி சேவை என்ற பெயரால் இன்றும் கொண்டாடப்படுகின்றது.

ஊன்றுகோலும் ஒரு கண்ணும்

சில காலம் சென்றது. தென்றல் வீசத் தொடங்கியதும் ஆரூரின் வசந்தவிழா நினைவுக்கு வந்தது. புற்றிடங்கொண்ட பெருமானும் பரவையாரும் அடியார் கூட்டமும் மனத்திலே எழுந்தனர். பழைய உறவு இழுத்தது. சுந்தரர் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைக் கடந்த அக்கணமே இரு கண்களும் ஒளி இழந்தன.

அவர் திரும்பவில்லை; பாடிக்கொண்டே நடந்தார். திருவெண்பாக்கத்திலே கண்ணுக்குப் பதிலாக ஓர் ஊன்றுகோலே கிடைத்தது. (1944ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துள் அப்பழைய தலம் அகப்பட்டமையால், கோயில் வேறிடத்தில் அமைக்கப்பட்டுள்ளது.) காஞ்சியிலே இடக்கண் கிடைத்தது. திருத்துருத்திக் குளத்திலே மூழ்கியபின் உடற்பிணி நீங்கியது. வலக்கண் கிடைத்தது திருவாரூரிலேதான். நெடிய வழி அது. நினைத்தவுடன் யாவற்றையும் தரவல்ல தோழர், ஏன் இவ்வாறு சிறிது சிறிதாகத் தந்தார்? முறிந்த வாக்கின் பாரத்தை அடியவர் ஒவ்வோர் அடியிலும் உணரவேண்டும் என்பதற்காகவே எனலாம்.

நள்ளிரவுத் தூது

கண் கிடைத்தது, கதவு திறக்கவில்லை. ஒற்றியூர்ச் செய்தியை அறிந்திருந்த பரவையார், சுந்தரரின் பரிசனங்களையும் வாயிலிலே தடுப்பித்தார். சமாதானம் பேசச் சென்ற பெரியோரிடம், மேலும் வற்புறுத்தினால் உயிர் தரியேன் என்றார். புதியவருக்குக் கொடுத்த வாக்கும் நிலைக்கவில்லை. பழையவரின் அன்பும் கைக்கெட்டவில்லை. இரண்டுக்கும் நடுவே சுந்தரர் தனித்து நின்றார்.

அந்த நள்ளிரவிலே, அவர் கண்களை மறைத்த அதே தோழர் வந்தார். அருச்சகர் கோலத்தில் ஆரூர் வீதியிலே பரவையாரிடம் தூது நடந்தார். பரவையார் உடன்படவில்லை. மீண்டும் சென்றார், இம்முறை தம் மெய்க்கோலத்தோடு. பரவையார் வணங்கி இசைந்தார்.

தோழமையின் இலக்கணம் இங்கே தெளிவாகின்றது. உண்மைத் தோழர், நண்பரின் ஒளிவுமறைவுக்குத் துணைநிற்பதில்லை. சந்நிதியை விட்டு விலகி நில்லும் என்று சுந்தரர் கேட்டபோது, அவர் விலகினார், உண்மையை விலகவிடவில்லை. அதேவேளை, தவறினார் என்பதற்காக நண்பரை வீதியிலே கைவிடவும் இல்லை.

ஏயர்கோன் கோபம்

இறைவரையே தூதனுப்பினார் என்று கேட்டு, திருப்பெருமங்கலத்து ஏயர்கோன் கலிக்காமர் கொதித்தார். இறைவர் அவருக்குச் சூலைநோயைக் கொடுத்து, அது சுந்தரராலேயே தீரும் என்றார். அவர் கையால் பிழைப்பதினும் இறப்பதே மேல் என்று கலிக்காமர் உடைவாளால் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். வந்து பார்த்த சுந்தரர், தாமும் அவ்வாறே ஆவேன் என அதே வாளைப் பற்றினார். திருவருளால் உயிர்பெற்று எழுந்த கலிக்காமர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். இருவரும் அன்றுமுதல் பிரியா நண்பராயினர். சுந்தரர் தம் செயலுக்கு நியாயம் பேசி வாதாடவில்லை. அதனாலேயே பகைவர் நண்பரானார்.

பயன்

பரவையாரும் சங்கிலியாரும் முன்னர்த் திருக்கயிலையிலே உமையம்மையாரின் சேடியராகிய கமலினியும் அநிந்திதையும் ஆவர் என்று புராணம் கூறும். ஆகவே நாயனாரின் செயலைச் சாதாரண மனிதர் தமக்குச் சான்றாகக் காட்டுதல் தகாது. ஆனால் அவர் பட்ட துன்பம் உலகினர்க்குப் பாடமாக அமைந்துள்ளது.

முதலாவது, இரண்டு உறவுகளிடத்தும் அன்பிருந்தது அவருடைய கண்ணை மறைக்கவில்லை. கொடுக்கும்போதே தப்ப வழி தேடிக்கொண்டு கொடுத்த வாக்கே மறைத்தது. பழைய நண்பர்களை விட இயலாதவர், அதனைப் புதிய துணையிடம் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் வேண்டும்.

இரண்டாவது, சங்கிலியார் கேட்ட கேள்வி குற்றமன்று. நீர் யாருக்கு உரியவர் என்று கேட்க, வாழவரும் துணைக்கு உரிமை உண்டு. அக்கேள்வியைக் கேட்டவரைக் குறைகூறும் நண்பர்கள், தங்கள் நண்பருக்கே தீங்கு செய்கின்றனர்.

மூன்றாவது, பழைய நண்பர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பொய்க்குத் துணைபோகாதிருத்தல் அதன் ஒரு பாதி. கதவடைத்த வீட்டுக்கு இரண்டாம் முறையும் நடந்து செல்லுதல் மறுபாதி.

ஆடிச் சுவாதியிலே சுந்தரர் குருபூசை வரும். அன்று அவர் திருவுருவத்துக்குப் பூச்சாத்தி வணங்கும்போது, ஊன்றுகோலோடு அவர் நடந்த அந்த நெடுவழியையும் நினைவுகூர்தல் நன்று. சொன்ன சொல்லைக் காத்து, பழைய உறவையும் புதிய உறவையும் மறைவின்றிப் பேணும் நல்வாழ்வு யாவர்க்கும் வாய்க்கத் திருவருள் துணைபுரிவதாக.