பாண்டியன் நல்லரசனா?

சிலப்பதிகாரம் படிப்பிக்குந்தோறும் மாணவர் எம்மை வினவுவது ஒன்றுண்டு: பாண்டியன் நெடுஞ்செழியன் நல்லரசனா, தீயரசனா?

பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பிக் கோவலனைக் கொல்வித்தான், அது பெரும்பிழை. ஆயின், வாயிலில் வந்து நின்ற கண்ணகியை அவன் விரட்டினானல்லன்; அவைக்கு அழைத்து வழக்கைக் கேட்டான். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்தோ மாணிக்கம் தெறித்தது. அதனைக் கண்டதும் தானே கள்வன் என ஏற்று, அவ்வவையிலேயே வீழ்ந்து உயிர்நீத்தான்.

விபுலாநந்த அடிகள் தமது ‘மதங்க சூளாமணி’யில் செகசிற்பியார் எனப் போற்றிய சேக்சுபியர் படைத்த மக்பெத்தும் தன் குற்றத்தை அறிந்தவனே. அறிந்தும் கொலைமேற் கொலை செய்து அரியணையைக் காக்க முயன்றான். பாண்டியனோ அறத்தைக் காக்க உயிரை விட்டான். ஆதலின் அவனை நல்லரசன் என்போம். எனினும் கோவலன் மீண்டானல்லன் என்பதையும் மாணவர் மறத்தலாகாது. ஆராய்தல் முந்துதல் வேண்டும்.

முன்னொருகால் கொழும்பில் ஒரு வகுப்பிலே, ஒருவன் சொற்கேட்டு மற்றொருவனைப் பிரம்பால் அடித்தோம். அவன் குற்றமற்றவன் எனத் தெரிந்தபின், வகுப்பின் முன் எம் பிழையை ஏற்க மூன்று நாட்கள் சென்றன. பாண்டியனுக்கு ஒரு கணமே சென்றது.