பணம் கொடுத்து விண்டோஸை மாற்றலாமா?

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் தமிழ்த் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து ஜீவனம் நடத்துகிறவனாகிய என்னிடம், கம்ப்யூட்டருக்குப் புதிய விண்டோஸைப் பணம் கொடுத்து வாங்குவது பிரயோஜனமான காரியமா என்று அக்கம்பக்கத்தார் கேட்பது வெகுநாளைய வழக்கம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவடைந்த பிறகோ, அந்தக் கேள்வி கவலையாகவே மாறிவிட்டது. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்று நம்மால் செய்ய இயலாத ஒரு வேலையைப் புதிய பதிப்பு செய்து தருமானால் அதற்குப் பணம் கொடுக்கலாம், பழைய பதிப்பின் பாதுகாப்பு தீர்ந்து, இலவசமான வழி எதுவும் மிஞ்சாதபோதும் கொடுக்கலாம், வேறெந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கலாகாது.

மினர்வா மில், பின்னி மில் முதலிய ஆலைகளுக்கு வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களின் சந்ததியார் ஒக்கலிபுரத்திலும் அடுத்துள்ள ஸ்ரீராமபுரத்திலும் இன்றும் நிறைய வசிப்பதால், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, ஆடி மாத அம்மன் திருவிழா நோட்டீஸ் ஆகியவற்றைத் தமிழில் தயாரிக்கும் வேலைக்கு இங்கே குறைவில்லை. இத்தகைய கடையின் கம்ப்யூட்டரோடு பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும், தமிழ் மென்பொருளுடன் வந்த டாங்கிளும், டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரும், வாடிக்கையாளர்கள் பல வருஷங்களுக்குப் பிறகும் திரும்பக் கேட்கும் பழைய கோப்புகளும் பிணைந்து கிடக்கின்றன. இயங்குதளத்தை மாற்றத் துணிகிறவர் இவை அத்தனையையும் சேர்த்தே பணயம் வைக்கிறார் என்பதுதான் இத்தொழில் எனக்குக் கற்பித்த முதல் பாடம்.

கொடுத்த பணத்துக்கு முழுப் பலன் கிடைத்தது என்று நான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய மாற்றம், விண்டோஸ் 98இலிருந்து எக்ஸ்பிக்குச் சென்றதுதான். யூனிகோட் தமிழ், லதா என்னும் எழுத்துருவோடு விண்டோஸ் 2000 பதிப்பில் தோன்றி, 2001 அக்டோபரில் வெளியான எக்ஸ்பியின் மூலமாகவே சாமானியர்களின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பெல்லாம் திஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறியீட்டு முறை வழங்கியபடியால், இங்கே அடித்து அனுப்பிய கடிதம் கிருஷ்ணகிரியில் ஒருவர் திறந்து பார்க்கும்போது அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவது சர்வ சாதாரணம். எக்ஸ்பியிலும் தமிழ் தானாகத் தெரிந்துவிடவில்லை. விண்டோஸ் சிடியைச் செருகி, மொழி அமைப்புக்குள் சென்று, சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான கோப்புகளைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. ஆயினும் அவ்வளவு சிரமத்துக்கும் பிறகு, நான் தட்டிய அகரம் மற்றவர் திரையிலும் அகரமாகவே தெரிந்தது. புதிய வேலை என்று நான் குறிப்பிடுவது இத்தகையதைத்தான்.

அதற்கடுத்து 2007 ஜனவரியில் விற்பனைக்கு வந்த விஸ்டாவோ, டிரைவர்கள் எழுதப்படும் முறையையே பெரிதும் மாற்றியமைத்தது. எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கேனருக்கு அதன் உற்பத்தியாளர் புதிய டிரைவர் தரவேயில்லையாதலால், பழுதில்லாத அந்தச் சாதனம் மூலையில் கிடக்க நேர்ந்தது. அதைப் பிரத்தியட்சமாகப் பார்த்திருந்தமையால், 2009இல் விண்டோஸ் 7 வந்து, அதுவும் மற்றவர்களிடம் நன்கு பழகிய பிறகே நான் எக்ஸ்பியை விட்டு நகர்ந்தேன். 2012இல் விண்டோஸ் 8 ப்ரோவுக்கான மேம்படுத்தல் அறிமுக விலையாக 1,999 ரூபாய்க்கு வந்தபோது, மலிவாயிற்றே என்று என் நண்பர்கள் சிலர் வாங்கினார்கள். அந்த விலையைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை; ஆனால் பேஜ்மேக்கருக்கோ தமிழுக்கோ அதனால் கூடுதலான சௌகரியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது, விண்டோஸ் 7இலேயே பொறுத்திருந்தவர்களுக்கும் அது ஓராண்டுக் காலம் இலவசமாகக் கிடைத்தது.

பொறுத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆதரவு முடிந்த இயங்குதளம் மறுநாளும் வழக்கம்போலவே ஓடுவதால், அதன் அபாயம் பலருக்குப் புலப்படுவதில்லை. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் நாசகார மென்பொருள் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் விண்டோஸ் 7க்கு மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது. ஏற்றிக்கொண்டவர்களை அந்த ஓட்டை காட்டிக்கொடுக்கவில்லை. 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்பிக்கோ, நாசம் பரவிய பிறகே விதிவிலக்காக ஒரு திருத்தம் வந்தது. ஆகையால் பேஜ்மேக்கருக்காக நான் வைத்திருக்கும் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பே கொடுப்பதில்லை. வங்கி, ஜிஎஸ்டி, ஈமெயில் எல்லாம் வேறொரு கம்ப்யூட்டரில். பழைய மென்பொருளை நம்பியிருக்கும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் நான் இதையே சிபாரிசு செய்கிறேன், ஏனெனில் விண்டோஸ் 11 பதிப்பு 64 பிட்டாக மட்டுமே வருவதால், 16 பிட் காலத்துப் புரோகிராம்கள் அதில் நேரடியாக ஓடா.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். எங்கள் தெருவில் வரிக் கணக்கு எழுதும் நண்பர் சென்ற வருஷம் என்னிடம் வந்து, "அண்ணா, இந்த மெஷின் பதினொன்றுக்குப் போகாதாம், புதுசுதான் வாங்கணும்னு கடையில சொல்லிட்டாங்க" என்று வருத்தப்பட்டார். திறந்து பார்த்ததில், விண்டோஸ் 11 கேட்கும் எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் அதில் இருந்தது, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அம்சமும் இருந்தது. பயாஸில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே. அதை இயக்கியபின், அனுமதி பெற்ற விண்டோஸ் 10இலிருந்து பதினொன்றுக்கு மாற ஒரு பைசாவும் செலவாகவில்லை. எனவே கடைக்குப் புறப்படுமுன், பிசி ஹெல்த் செக் என்னும் மைக்ரோசாப்டின் இலவசப் புரோகிராமை ஓட்டிப் பாருங்கள்; டிபிஎம் இல்லையென்று அது சொன்னால், பயாஸையும் ஒருமுறை பாருங்கள்.

பிராசஸரே பழையதாயிருந்தால், விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பில் இருப்பவர்கள் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் நீட்டிப்புத் திட்டத்தில் சேரலாம். 30 டாலர் கட்டணம் என்று அறிவிக்கப்பட்டாலும், கம்ப்யூட்டரின் அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதிப்பவர்களுக்குக் கட்டணமில்லை. அந்தச் சம்மதத்தை எல்லோரும் விரும்பமாட்டார்கள் என்பதை நான் அறிவேன். தகவலைக் கொடுப்பதும் ஒருவகை விலைதான்.

முழு உரிமத்தை வாங்கியே தீரவேண்டிய நிலைமை வந்தால், விண்டோஸ் 11 ஹோம் பதிப்புக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவில் செலவாகும். அதே தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு எங்கள் ஊர் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தினால், பழைய ஹார்ட் டிஸ்க்கோடு முக்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் அடையும் வேகத்தை எந்தப் புதிய பதிப்பும் தருவதில்லை. மதர்போர்டோடு கட்டுண்ட ஓஇஎம் உரிமத்தை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியாது, சில்லறை உரிமத்தை மாற்றலாம்; விலை வித்தியாசத்தின் காரணத்தை வாங்குமுன் கேட்டறிவது அவசியம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீகளை அறவே தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலும் நிறுவனங்களுக்காக வழங்கப்பட்ட அவை என்றைக்கு ரத்தாகும் என்று சொல்ல முடியாது.

பழைய லேப்டாப்பில் கடிதம், கணக்கு, இன்டர்நெட் ஆகியவற்றுக்கு மேல் வேலை இல்லாதவர்களுக்கு உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போதும். தமிழ் 99 விசைப்பலகையும் அவற்றில் உண்டு. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் சேர்ந்தே வந்தது. ஆப்பிளைப் பொறுத்தவரையில், 2007இல் 129 டாலராயிருந்த இயங்குதளம் 2009இல் 29 டாலராகி, 2013இலிருந்து இலவசமாகிவிட்டது. அந்த விலையைக் கம்ப்யூட்டரின் விலையில் தேட வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், முதலில் உங்கள் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள். அவற்றோடு எழுத்துருக் கோப்புகளையும் டிரைவர்களையும் மறவாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.